மல்லியின் இடது கண்: குதிரைக்குக் கருவிழிப் புண் வந்த 40 நாட்கள்

மல்லிக்கு 11 வயது. காத்தியவாரி இனக் கலப்பு. அப்பா மெரினாவில் சவாரி விட்டுக்கொண்டிருந்த கடைசி வருடங்களில் குட்டியாக வாங்கியது. ஒரு சமயம் மூன்று குதிரைகள் இருந்தன. இப்போது மல்லியும், பல் தேய்ந்துபோன ஒரு கிழட்டு ஆண் குதிரையும்தான். ஈஞ்சம்பாக்கத்தில் உறவினர் ஒருவரின் தோப்பில் லாயம் போட்டிருக்கிறோம். சுற்றிலும் சவுக்குக் கட்டைப் படல், மேலே சிமெண்ட் ஷீட். கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்றுக்குக் குறைவில்லை. மணலுக்கும் குறைவில்லை.

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு சனிக்கிழமை மாலை, லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் போன் செய்தார். "தம்பி, மல்லி இடது கண்ண மூடி மூடித் தொறக்குது. தண்ணி கொட்டுது. தூசி ஏதோ விழுந்திருக்கும் போல, வந்து பாத்துட்டுப் போங்க."

போனேன். கன்னத்து மயிர் நனைந்து ஒட்டிக் கிடந்தது. போன் டார்ச்சை அடித்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள். கண் பாதிதான் திறந்திருந்தது. எனக்குப் புண் எதுவும் தெரியவில்லை. தெரியாததால் பெரிதாக ஒன்றுமில்லை என்று நினைத்தேன். வீட்டு ஃப்ரிட்ஜில் அப்பாவின் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த சொட்டு மருந்து பாதி பாட்டில் மீதி இருந்தது. மனிதக் கண்ணுக்கே போடுவதுதானே என்று எடுத்து வந்து இரண்டு சொட்டு விட்டேன். ராத்திரி படுக்கும் முன்னால் இன்னொரு தடவை.

ஞாயிறு காலையில் கண் நன்றாகத் திறந்திருந்தது, சிவப்பும் குறைந்திருந்தது. நிம்மதியாகிவிட்டேன். மறுபடி சொட்டு விட்டேன். அன்று மாலை கண்ணின் மேல் நீலம் பாய்ந்த புகைபோல ஏதோ படர்ந்தது. திங்கள் காலையில் நடுவுக்குச் சற்றுக் கீழே, பாதி வெந்த அரிசி மாதிரி மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு புள்ளி. "பூ விழுந்துடுச்சு தம்பி" என்றார் அண்ணன். நான் கோட்டைவிட்ட நாள் அந்த ஞாயிறுதான். இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த ஒரு நாளுக்காகத்தான்.

அந்த பாட்டிலில் ஆன்டிபயாடிக் மட்டும் இல்லை, ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஆபரேஷன் செய்த கண்ணில் வீக்கம் தணியத் தருவது அது. கருவிழியில், அதாவது கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலத்தில், புண் இருக்கும்போது அதே மருந்து தலைகீழாக வேலை செய்யும். வலியையும் சிவப்பையும் அமுக்கிவிடும், அதனால் நமக்குக் குணமானது போலத் தோன்றும். உள்ளேயோ புண் மூடுவதைத் தடுக்கும், பூஞ்சை இருந்தால் அதற்கு வழி திறந்துவிடும், கருவிழியைக் கரைக்கும் நொதிகளுக்கும் துணை போகும். வீட்டில் இருக்கும் எந்தக் கண் மருந்தையும் எடுப்பதற்கு முன்னால் லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஹைட்ரோகார்ட்டிசோன், லோட்டெப்ரெட்னால் என்ற பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மருந்தின் பெயருக்குப் பின்னால் டி என்று ஓர் எழுத்து ஒட்டியிருந்தால் டெக்ஸாமெத்தசோன் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கண்ணில் போடவென்று கடையில் எடுத்துத் தரும் களிம்புக்கும் இதே எச்சரிக்கைதான்.

அண்ணன் வேறொரு யோசனை சொன்னார். அவர் ஊரில் மாட்டுக்குக் கண்ணில் அடிபட்டால் உப்பை மென்று கண்ணில் ஊதுவார்களாம். நந்தியாவட்டைப் பூச் சாறு விடுவதும் உண்டாம். அக்கறையில்தான் சொன்னார். ஆனால் தோல் உரிந்த கண்ணில் நம் வாயின் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், கொதிக்க வைக்காத செடிச் சாற்றை விடுவதும் புண்ணை ஆழமாக்கும். டாக்டர் வரும்வரை செய்யக்கூடியது கொஞ்சம்தான். நிழலான இடத்தில் கட்டுங்கள். கண்ணைத் தேய்க்க விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இமையை விரலால் நெம்பித் திறக்க வேண்டாம். குதிரையின் இமைத் தசைக்குப் பலம் அதிகம். புண் ஆழமாக இருந்தால் நாம் நெம்பும் அழுத்தத்திலேயே கண் உடைந்துபோகலாம்.

திங்கள் பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். ரேஸ் குதிரைகளைப் பார்த்துப் பழகியவர், எங்கள் அப்பாவை "ஐயா" என்றுதான் கூப்பிடுவார். கண்ணைத் தொடவே இல்லை, முதலில் நேரே முன்னால் போய் நின்றுகொண்டார். "இங்க வந்து நில்லுங்க, ரெண்டு பக்க இமைமயிரையும் பாருங்க" என்றார். வலது பக்கம் மயிர் நீட்டிக்கொண்டு நேராக நின்றது. இடது பக்கம் கூரைத் தாழ்வாரம் மாதிரி கீழே சரிந்திருந்தது. கண்ணில் வலி இருந்தால் மேல் இமைமயிர் இப்படித் தொங்கிவிடுமாம். கண் திறந்திருப்பது போலத் தெரிந்தாலும் இது காட்டிக்கொடுத்துவிடும். சனிக்கிழமை இது எனக்குத் தெரிந்திருந்தால் டார்ச்சே தேவைப்பட்டிருக்காது.

அப்புறம் மயக்க ஊசி கொஞ்சம் போட்டார். மல்லி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். கண்ணுக்கு மேலே எலும்பு மேட்டில் தோலுக்கடியில் ஒரு மரப்பு ஊசி. இமை தளர்ந்து தானாகத் திறந்தது. பஞ்சுக்குச்சியால் பரிசோதனைக்கு மாதிரி எடுத்தார், மரப்புச் சொட்டு விட்டபின் புண்ணின் ஓரத்தை லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தடவினார். கடைசியாக, ஆரஞ்சு நிறச் சாயம் தடவிய காகிதப் பட்டையை சலைனில் நனைத்துக் கண்ணில் விட்டு, நீல விளக்கு அடித்தார். துவரம்பருப்பு அளவுக்குப் பச்சையாக ஒளிர்ந்தது.

அந்தச் சாயத்தின் பெயர் ஃப்ளோரசின். கருவிழியின் மேல்தோல் நன்றாக இருந்தால் சாயம் ஒட்டாது, வழிந்துவிடும். மேல்தோல் போயிருந்தால் அடியில் இருக்கும் தடித்த நடு அடுக்கு அதை உறிஞ்சிக்கொண்டு பச்சையாகத் தெரியும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. புண் நடு அடுக்கையும் தின்றுவிட்டு அடிச் சவ்வுவரை போய்விட்டால், அந்தச் சவ்வில் சாயம் ஒட்டாது. சுற்றிலும் பச்சை வளையம், நடுவில் கறுப்பு என்று தெரியும். அப்படித் தெரிந்தால் கண் உடைவதற்கு ஒரு மயிரிழைதான் பாக்கி, உடனே அறுவை என்று அர்த்தம். மல்லிக்கு முழுவதும் பச்சைதான். அதைக் கேட்டு அப்பா அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். குதிரைக் கருவிழியின் நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை என்று டாக்டர் சொன்னபோதுதான் எவ்வளவு குறைந்த இடத்தில் தப்பித்திருக்கிறோம் என்று புரிந்தது.

சுரண்டிய தகட்டில் பூஞ்சை நூல்கள் தெரிந்தன. படலில் நீட்டிக்கொண்டிருந்த சவுக்குச் சிம்புதான் குத்தியிருக்க வேண்டும். செடி, வைக்கோல், மரச் சிம்பு பட்ட காயத்தில் பூஞ்சை ஏறுவது வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில் சாதாரணம். நம் பக்கத்தில் அறுவடை சமயத்தில் நெல் தெறித்துக் கண்ணில் புண்ணாகி வரும் விவசாயிகளுக்கும் இதே பூஞ்சைகள்தான், அஸ்பெர்ஜில்லஸும் ஃபியூசேரியமும். மழையில் நனைந்து ஈரம் காயாத வைக்கோலை நாங்கள் லாயத்து மூலையிலேயே குவித்து வைத்திருந்தோம். அதையும் பார்த்துவிட்டு டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அவர் அன்றே அதை அள்ளி வெளியே கொட்டினார்.

பூஞ்சையைவிட டாக்டருக்குக் கவலை தந்தது புண்ணின் விளிம்பு. ஜெல்லி மாதிரி இளகத் தொடங்கியிருந்தது. கிருமியும், அதை எதிர்க்க வரும் குதிரையின் சொந்த வெள்ளை அணுக்களும் சுரக்கும் நொதிகள் கருவிழியையே கரைக்கின்றன. விட்டால் ஒன்றிரண்டு நாளில், சில சமயம் மணிக்கணக்கில், ஓட்டை விழுந்துவிடும். அதற்கு மருந்து மல்லியின் உடம்பிலேயே இருந்தது. கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்து, உறைய விட்டு, லேபில் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தைச் சுத்தமான சிரிஞ்சுகளில் பிரித்துத் தந்தார்கள். அதில் இருக்கும் ஒரு புரதம் அந்த நொதிகளைப் பிடித்துக் கட்டிவிடுமாம். ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்க வேண்டும். நான்கு நாளுக்கு மேல் ஆனதைக் கொட்டிவிட்டுப் புதிதாக எடுக்கச் சொன்னார். சீரம் நல்ல சத்து, கிருமி விழுந்தால் அதிலேயே வளர்ந்துவிடும்.

அவர் எழுதித் தந்தது இது: பூஞ்சைக்கு நேட்டமைசின் 5 சதவீதம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. சீரமும் அப்படியே. பாக்டீரியா சேராமல் இருக்க மாக்ஸிஃப்ளாக்ஸாசின் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. பாப்பா (கண்மணி) விரிய அட்ரோபின் 1 சதவீதம் காலை மாலை. வலிக்கும் உள் வீக்கத்துக்கும் ஃப்ளூனிக்சின் நரம்பு ஊசி, அதை அவரே ஐந்து நாள் வந்து போட்டார். ஃப்ளூனிக்சினைச் சதையில் போடக்கூடாது, போட்ட இடம் அழுகி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னார். இது மல்லிக்கு அன்று எழுதியது. உங்கள் குதிரைக்கு வேறாக இருக்கும், இதைப் பார்த்து வாங்கிப் போடாதீர்கள்.

ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் குறைந்தது ஐந்து நிமிடம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். நேட்டமைசினைக் குலுக்காமல் விட்டால் மருந்து அடியில் தங்கி மேலே இருக்கும் நீர்தான் கண்ணுக்குப் போகும். பகல் முழுக்க அண்ணன், ராத்திரி நானும் அப்பாவும் முறை வைத்துக்கொண்டோம். சுவரில் காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி, கோடு கிழித்து, போட்ட நேரத்தை எல்லோரும் எழுதினோம். தூக்கக் கலக்கத்தில் "போட்டாச்சு" என்று நினைத்துக்கொள்வது எல்லோருக்கும் நடக்கும்.

இரண்டாம் நாளே சிக்கல். 350 கிலோ எடையுள்ள ஒரு உயிர், வலிக்கிற கண்ணைத் தொடுகிறவர்களை எத்தனை தடவை பொறுத்துக்கொள்ளும்? என்னைப் பார்த்தாலே பின்வாங்கினாள். அண்ணனின் காலை ஒருமுறை மிதித்துவிட்டாள். அண்ணன் திட்டவில்லை, "அவளுக்கு வலிக்குது தம்பி" என்று மட்டும் சொன்னார். சரி, இமை வழியாகக் குழாய் போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்ல, மூன்றாம் நாள் விடிகாலை நாலரைக்கு மினி லாரியில் ஏற்றி வேப்பேரிக்குக் கொண்டுபோனோம். கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது, எங்கள் தாத்தா காலத்திலிருந்தே குதிரைக்காரர்கள் போய் நிற்கும் இடம். கண்ணில் எதிர்க்காற்று படாமல் இருக்கத் தலையைச் சுற்றி ஈரத் துணி கட்டி, வைக்கோலைத் தொங்கவிடாமல் ஓட்டிப் போனோம். ஆறு மணிக்குள் போய்விட்டதால் டிராபிக்கில் சிக்கவில்லை.

அந்தக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மல்லியின் கண்ணைக் காப்பாற்றியதில் பாதிப் பங்கு அதற்கு. நூல் போல மெல்லிய குழாய். இமையின் உட்பக்கத்திலிருந்து வெளியே வரும்படி நுழைத்து, நெற்றி வழியாகக் கொண்டுபோய், பிடரி மயிரில் பின்னி, முனையில் ஊசி குத்தும் ரப்பர் மூடி வைத்துவிடுகிறார்கள். நாம் கழுத்துப் பக்கம் நின்றுகொண்டு மருந்தை ஏற்றினால் போதும், கண்ணையே தொட வேண்டாம். ஒரு தடவைக்கு 0.2 மில்லி மருந்து, அதன் பின்னால் வெறும் காற்று ஒரு மில்லி, மெதுவாக. வேகமாகத் தள்ளினால் கண்ணில் பீய்ச்சியடித்துக் குதிரை துள்ளும். மருந்து கண்ணுக்கு வந்துவிட்டதா என்பதை அவள் ஒருமுறை இமைப்பதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். நேட்டமைசின் குழம்பு மாதிரி இருப்பதால் குழாய் அடைக்குமென்று வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்துக்கு மாற்றினார்கள். தினம் காலையில் இமையின் உள்ளே குழாயின் தட்டு நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். நகர்ந்தால் அதுவே கருவிழியை உரசி இன்னொரு புண் ஆக்கும். மல்லி இரண்டே நாளில் பழைய மல்லியானாள், நான் போனால் பாக்கெட்டில் வெல்லம் தேடினாள்.

நான்காம் நாள் கண் இன்னும் மோசமாகத் தெரிந்தது. வீக்கம் கூடியது, வெயிலைப் பார்க்கவே முடியவில்லை. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து போன் செய்தேன். பூஞ்சை சாகும்போது அதன் மிச்சங்களால் கண் கொந்தளிக்கும், இரண்டு நாள் பொறுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள் என்றார். முன்பே சொல்லியிருந்தார், நான்தான் மறந்துவிட்டேன். இந்த இடத்தில் பயந்து மருந்தை மாற்றுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஆறாம் நாள் ராத்திரி வேறு மாதிரி. அட்ரோபின் கண்ணோடு நிற்பதில்லை, குடலையும் மந்தமாக்கும். அதனால் லத்தி எத்தனை தடவை போடுகிறாள் என்பதையும் அதே காலண்டர் தாளில் எழுதச் சொல்லியிருந்தார், விலாவுக்குப் பின்னால் காதை வைத்துக் குடல் சத்தம் கேட்கவும் பழக்கியிருந்தார். நல்ல குடல் தூரத்து இடி மாதிரி உருண்டுகொண்டே இருக்கும். அன்று மாலை ஐந்து மணிக்குப் பிறகு லத்தி இல்லை. பதினொரு மணிக்குக் காதை வைத்தேன், இரண்டு பக்கமும் அமைதி. கொள்ளையும் தொடவில்லை. டாக்டர் அட்ரோபினை உடனே நிறுத்தச் சொன்னார், தீனியை எடுத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் வைக்கச் சொன்னார், மெதுவாக நடத்தச் சொன்னார். தரையில் விழுந்து புரண்டாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ எந்நேரமானாலும் கூப்பிடுங்கள் என்றார். தோப்புக்குள் மாற்றி மாற்றி நடத்தினோம். மூன்றேகாலுக்கு லத்தி போட்டாள். அதைப் பார்த்து அப்பா கைகூப்பினார். அதன் பிறகு அட்ரோபின் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். குதிரைக்கு ஒருமுறை விரிந்த பாப்பா பல நாள் அப்படியே இருக்கும், தினமும் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. பாப்பா விரிந்திருந்தால் போதும். இன்னொன்று: அட்ரோபின் போட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நான் கழுவாமல் கண்ணைத் தேய்த்து, ஒரு வாரம் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடியாமல் இருந்தேன்.

பத்தாம் நாள் வாக்கில் கண்ணின் ஓரத்திலிருந்து புண்ணை நோக்கிச் சிவப்பு நூல்கள் ஊர்ந்து வந்தன. பார்க்கப் பயமாக இருந்தது. டாக்டர் முகத்தில்தான் முதல் தடவையாகச் சிரிப்பு. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. ஆழமான புண்ணை மூட உடம்பு புதிதாகக் குழாய் போட்டு அனுப்புகிறது. நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். புண்ணைத் தொட்டுவிட்டால் பிழைத்தது போல. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நிற்க வைத்து எடுத்த போட்டோக்கள் அப்போது உதவின. நாளுக்கு நாள் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் நான்கு நாள் போட்டோவைப் பக்கத்தில் வைத்தால் தெரிந்தது.

மேலோட்டமான புண் என்றால் ஐந்து முதல் ஏழு நாளில் ஆறிவிட வேண்டும். ஆறவில்லை என்றால் அதே மருந்தைத் தொடராமல் ஏன் ஆறவில்லை என்று தேட வேண்டும். பூஞ்சையா, மூன்றாம் இமைக்கு (கண்ணின் உள் மூலையில் இருக்கும் சவ்வு) பின்னால் சிம்பு ஏதும் ஒளிந்திருக்கிறதா, இமைமயிர் உரசுகிறதா என்று. மல்லிக்கு ஆழமான புண், 38-ஆம் நாள்தான் சாயம் ஒட்டாமல் வழிந்தது. 40-ஆம் நாள் குழாயை எடுத்தார்கள். அவ்வளவு நாளும் இருட்டான மூலையில் கட்டி, கொசுவலைத் துணியில் தையல்காரரிடம் தைத்த முகமூடி போட்டு, புல்லை நனைத்துத் தரையிலேயே போட்டோம். வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டால் தூசி நேரே கண்ணில்தான் கொட்டும்.

கண்ணில் இப்போது கடுகளவு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. அதைக் கரைக்க ஸ்டீராய்டு போடலாமே என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். பூஞ்சை பட்ட கண்ணில் அந்த விளையாட்டே வேண்டாம் என்று டாக்டர் மறுத்துவிட்டார். இடது பக்கம் கீழே இருப்பதை அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்க்கிறாள், அதனால் குழந்தைகளை ஏற்றுவதில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போகிறோம். படலில் நீட்டிக்கொண்டிருந்த சிம்புகளை அண்ணன் அரத்தால் ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டார். டாக்டர் நம்பரைத் தூணில் பெயிண்டில் எழுதியிருக்கிறோம்.

தினமும் சாயங்காலம் தீனி வைக்கும் முன்னால் இரண்டு குதிரைகளுக்கும் நேர் முன்னால் போய் நின்று இமைமயிரைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது, அரை நிமிட வேலைதான். நேற்றும் பார்த்தேன். இரண்டு பக்கமும் நேராகத்தான் நிற்கிறது.